காந்தம் ஒட்டாத பானட்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பலர் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பார்கள். மட்கார்டு, கதவு என்று ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் உள்ளே இரும்புத் தகடு இருக்கிறது. வழுக்கி விழுந்தால், துரு தின்ற இடத்தில் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். விலை அங்கேயே இறங்கிவிடும். இந்தக் காந்தத்தோடு ஒருவர் 1957-இல் இங்கிலாந்தில் செய்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மட்கார்டில் காந்தம் பச்சென்று ஒட்டுகிறது. பானட்டில் ஒட்டவில்லை. கதவிலும் ஒட்டவில்லை, டிக்கி மூடியிலும் ஒட்டவில்லை. கார் முழுக்கப் பட்டி என்று முடிவுகட்டி அவர் திரும்பினால், நல்ல காரைக் கைவிட்டார் என்று அர்த்தம். எம்.ஜி.ஏ.வின் பானட்டும் டிக்கி மூடியும் கதவுகளின் மேல்தகடும் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டினால்தான் கவலைப்பட வேண்டும். யாரோ பின்னாளில் இரும்புத் தகட்டில் செய்து மாட்டியிருக்கிறார்கள்.

ஒரே சோதனை, ஒரே விடை. மட்கார்டில் அது குற்றச்சாட்டு, பானட்டில் நற்சான்று. தன் அடியில் ஓரிரு மில்லிமீட்டருக்குள் இரும்பு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் காந்தம் சொல்லும். அதற்குப் பொருள் சொல்வது காரைப் பற்றி நாம் முன்பே அறிந்து வைத்திருக்கும் செய்தி. பிரித்துச் செப்பனிடாத பழைய கார் ஒன்றில் எது ஆலையில் பூட்டியது, எது பிற்பாடு வந்தது என்று பிரித்தறியும் வேலை முழுவதும் இந்த வகையில்தான் நடக்கிறது. பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். கொஞ்சம் உள்ளே போனால் உலோகவியல், வேதியியல், தடயவியல் எல்லாம் எதிர்ப்படும்.

செப்பனிட்ட கார் கண்ணுக்கு அழகு. ஆனால் கழற்றித் தேய்த்துப் பெயின்ட் அடித்த அன்றைக்கே சில விஷயங்கள் நிரந்தரமாகப் போய்விடுகின்றன. ஆலையில் பெயின்ட் எவ்வளவு கனத்தில் விழுந்தது, எந்த போல்ட்டுக்கு எந்த முலாம், ஒயர்க் கட்டை எந்தப் பக்கம் வளைத்துக் கட்டினார்கள் என்பதையெல்லாம் எந்தப் புத்தகமும் முழுதாக எழுதி வைக்கவில்லை. யாரும் கழற்றாத கார்தான் அதற்கு ஆவணம். பெயின்ட் வெடித்து, இருக்கை கிழிந்த ஒரு கார் பக்கத்தில் பளபளக்கும் காரைவிட அதிக விலைக்குப் போவதற்கும் இதுதான் காரணம்.

பேச வசதியாகப் பாகங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். ஆலை வாசலைத் தாண்டும்போதே இந்தக் காரில் இருந்தது பிறவிப் பாகம். அதே வகை, அதே காலம், ஆனால் வேறொரு காரிலிருந்தோ கடை அலமாரியிலிருந்தோ பின்னால் வந்தது சமகாலப் பாகம். பிற்காலத்தில் அச்சு அசலாகச் செய்து விற்பது பதிலிப் பாகம். பதிலியைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. பிறவிப் பாகத்தையும் சமகாலப் பாகத்தையும் பிரிப்பதில்தான் உண்மையான தலைவலி.

எம்.ஜி.ஏ. 1955 முதல் 1962 வரை, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே தேம்ஸ் கரையில் உள்ள ஆபிங்டனில் தயாரானது. மொத்தம் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். மிகப் பெரும்பங்கு கப்பலேறி அமெரிக்கா போனது. ஆபிங்டனை ஆலை என்று சொல்கிறோமே தவிர, அங்கே நடந்தது பெரும்பாலும் பூட்டும் வேலை. உடல் கவென்ட்ரியிலிருந்து வரும். டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், விளக்குகள் பர்மிங்ஹாமின் லூகாஸ் நிறுவனத்துடையவை. கார்புரேட்டர் எஸ்.யூ., டயல்கள் ஸ்மித்ஸ், கண்ணாடி டிரிப்ளெக்ஸ். இந்தச் சப்ளையர்கள் தங்கள் சரக்கில் பழுது வந்தால் எந்தக் காலத்துத் தயாரிப்பு என்று தெரிந்துகொள்வதற்காகப் பாகங்களில் தேதிக்குறி இட்டார்கள். அறுபது, எழுபது வருஷம் கழித்து யாரோ விளக்கு வைத்துக்கொண்டு அதைத் தேடுவார்கள் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். தேதிக்குறிகளை நம்ப முடிவதற்கு அதுவே பெரிய காரணம்.

டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தால், வார்ப்பு உடலின் பக்கவாட்டில் குத்திய எழுத்துகள் மேலே வரும். வகைப்பெயர் டி.எம்.2 என்று இருக்கும். பக்கத்தில் ஐந்து இலக்கப் பாக எண். அதையொட்டி இரண்டு சிறிய எண்கள். பின்னது ஆண்டு, முன்னது மாதம் அல்லது வாரம். 12-ஐத் தாண்டினால் வாரம்தான், சந்தேகமில்லை. டைனமோவிலும் ஸ்டார்ட்டர் மோட்டாரிலும் வைப்பர் மோட்டாரிலும் இதே வழக்கம். (லூகாஸ் நமக்கும் பழக்கப்பட்ட பெயர்தான். டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். அந்தப் பெயரை நம் ஊர் வண்டிகளுக்குள்ளும் கொண்டுவந்தது.)

கார் பூட்டி முடிந்த நாள் நமக்குத் தெரியும் என்று வைப்போம். அது எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் பார்ப்போம். ஏப்ரல் 1957 என்று இருக்கட்டும். எந்தத் தேதி கொண்ட பாகம் இதில் பிறவிப் பாகமாக இருக்க முடியும்? கல்யாணச் சமையலை நினைத்துப் பார்த்தால் போதும். முகூர்த்தத்துக்கு மறுநாள் வாங்கிய கத்திரிக்காய் முகூர்த்தச் சாம்பாரில் இருக்கவே முடியாது. முந்தின நாள் வாங்கியது இருக்கும். ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய கத்திரிக்காய் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆறு மாதப் புளி என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காரிலும் இதே கணக்கு. விலை கூடிய, இடத்தை அடைக்கும் சாமான்களை ஆலை தேக்கி வைப்பதில்லை. டைனமோவின் தேதி காருக்குச் சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ முந்தியதாக இருந்தால் இயல்பு. சின்னச் சின்ன ஸ்விட்ச், பூட்டு வகையறா பெட்டியில் கிடந்து கிடந்து இன்னும் கொஞ்சம் பழையதாக இருக்கலாம். ஜூன் 1957 டைனமோ என்றால் அது மாற்றியது, முடிந்தது கதை. 1955 டைனமோ என்றால் வேறொரு காரிலிருந்து வந்திருக்கலாம் என்ற சந்தேகம் வரும்.

இதில் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. பிந்தைய தேதி, இது பிறவிப் பாகம் என்ற கூற்றை ஒரே அடியில் தகர்த்துவிடும். சரியான தேதியோ எதையும் நிரூபிப்பதில்லை. மார்ச் 1957-இல் செய்த டைனமோக்கள் ஆயிரக்கணக்கில் வெளியே போயிருக்கும். அதில் ஒன்றைப் பழைய சாமான் சந்தையில் தேடிப் பிடித்து மாட்ட முடியும். மாட்டுகிறார்கள், அதற்கு நல்ல விலையும் உண்டு. அறிவியலில் பொய்ப்பித்தல் என்று ஒரு கருத்து உண்டு: ஒரு கொள்கையைக் கவிழ்க்க ஒரு முரண் போதும், நிலைநிறுத்த எத்தனை ஒப்புதல் வந்தாலும் போதாது. அதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் இடம் கார் எஞ்சினின் ஓரத்தில் கிடைப்பது விசேஷம்தான். ஆகவே ஒரு பாகத்தின் தேதி சரியாக இருப்பதைக் கண்டு மகிழ்வதில் அவ்வளவாகப் பயனில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எட்டுப் பத்துப் பாகங்கள், வெவ்வேறு ஊரில் வெவ்வேறு முறையில் குறியிடப்பட்டவை, எல்லாம் அதே சில வாரங்களைச் சுட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எம்.ஜி.ஏ. ரோட்ஸ்டரில் கண்ணாடி என்று இருப்பதே முன்பக்கம் ஒன்றுதான். கதவுக்கு ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது, வெளிக் கைப்பிடிகூடக் கிடையாது. அந்த ஒற்றைக் கண்ணாடியின் மூலையில் டிரிப்ளெக்ஸ் முத்திரை இருக்கும். அதன் எழுத்துகளுக்கு மேலும் கீழும் வைத்த சிறு புள்ளிகளே தேதி: எந்த எழுத்தருகே புள்ளி என்பதை வைத்து ஆண்டையும் காலாண்டையும் படிக்கலாம். லூகாஸ் தேதியும் இந்தப் புள்ளியும் ஒத்துப்போனால் நம்பிக்கை பல மடங்கு கூடுகிறது. காரணம், இரண்டும் தற்செயலாக ஒத்துப்போக வாய்ப்புக் குறைவு.

இனி திருகாணிகள். இதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். பலர் தாண்டிப் போய்விடும் இடமும் இதுதான்.

ஸ்டார் திருகாணி எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். பழைய பிலிப்ஸ் வகையில் தலையில் வெறும் சிலுவைப் பள்ளம் இருக்கும். போசிட்ரைவ் வகையில் அந்தச் சிலுவையின் கைகளுக்கு நடுவே, குறுக்காக, நான்கு மெல்லிய கீற்றுகள் கூடுதலாக இருக்கும். திருப்புளி வழுக்காமல் இருக்கச் செய்த முன்னேற்றம் இது, பிரிட்டனில் ஜி.கே.என். நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. கார் 1957. அதன் காலடித் தகட்டிலோ டேஷ்போர்டுக்கு அடியிலோ அந்த நான்கு கீற்றுகள் தெரிந்தால், அந்தத் திருகாணியை ஆபிங்டன் தொழிலாளி முடுக்கியிருக்க வழியில்லை. யாரோ பிற்காலத்தில் கழற்றியிருக்கிறார்கள். அப்படியானால் அடுத்த கேள்வி: எதற்காகக் கழற்றினார்கள், அதைக் கழற்றினால் வேறு எது கையோடு வரும்?

போல்ட்டின் மரைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் பிரிட்டனுக்கு ஒரு பொது மரை அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் 60 பாகை. இரண்டாம் உலகப் போரில் ஒரு நாட்டு போல்ட் மற்ற நாட்டு நட்டில் ஏறாமல் இரு தரப்பும் பட்ட அவதிக்குப் பிறகு, 1948-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 60 பாகையில் பொதுமரை ஒன்றை ஏற்றன. எம்.ஜி.ஏ. இந்தப் பொதுமரைக் காலத்துக் கார். அதன் போல்ட் தலைகளில் வட்டக் குழியோ, ஒன்றையொன்று தொட்டபடி மூன்று வட்டங்களோ காணலாம். பழைய விட்வொர்த் மரையோடு குழப்பிவிடக் கூடாது என்பதற்கான அடையாளம். கூடவே பீஸ், ஜி.கே.என். என்று செய்தவர் பெயர், வலிமையைக் குறிக்கும் ஓர் எழுத்து. அதே இடத்தில் 8.8 என்று பொறித்திருந்தால் அது மெட்ரிக் போல்ட். மூன்று கோடுகள் ஆரமாக இருந்தால் அமெரிக்க வலிமைக் குறி. எம்.ஜி.ஏ.வுக்கு முந்தைய டி வரிசைக் கார்களின் கதை இன்னும் விசித்திரம். அவற்றின் எஞ்சினைச் செய்த மோரிஸ் நிறுவனம் 1923-இல் கவென்ட்ரியில் பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் கம்பெனியின் ஆலையை வாங்கியது. இயந்திரங்கள் மெட்ரிக் அளவில் மரை வெட்டுபவை. மாற்றச் செலவாகும் என்று மரையை அப்படியே விட்டுவிட்டு, பிரிட்டிஷ் ஸ்பானர் பிடிக்கும்படி போல்ட் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள். அந்த எஞ்சினில் ஒரு போல்ட் தொலைந்தால் பக்கத்துக் கடையில் கிடைக்காது. அதனாலேயே தவறான போல்ட் அங்கே சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது முலாம். அந்தக் காலத்துப் போல்ட்டுகள் பலவற்றுக்குக் காட்மியம் பூசினார்கள். மங்கிய வெள்ளிச் சாம்பல் நிறம். காட்மியம் நச்சு என்பதால் பின்னாளில் கட்டுப்பாடு வந்து, அந்த இடத்தைத் துத்தநாகம் பிடித்தது. புதுத் துத்தநாகம் நீலம் பாய்ந்து பளிச்சிடும். இரண்டும் ஒரே தந்திரத்தில் இரும்பைக் காக்கின்றன: இரும்புக்கு முன்னால் தாங்கள் அரிபட்டுக்கொள்கின்றன. பழசானபின் கண்ணால் பிரிப்பது கடினம், கருவி வேண்டும். கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுமானியை போல்ட் தலையில் வைத்து அழுத்தினால் சில நொடியில் விடை வரும். கருவி அனுப்பும் எக்ஸ்-கதிர் அணுவின் உட்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டி வெளியேற்றுகிறது. காலியான இடத்துக்கு மேல்கூட்டு எலக்ட்ரான் ஒன்று இறங்குகிறது. இறங்கும்போது மிச்ச ஆற்றலை எக்ஸ்-கதிராக உமிழ்கிறது. இறங்கும் உயரம் தனிமத்துக்குத் தனிமம் மாறும் என்பதால் அந்த ஆற்றலே தனிமத்தின் அடையாளம். துத்தநாகத்துக்குச் சுமார் 8.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட், காட்மியத்துக்குச் சுமார் 23. மேல் தோலைச் சுரண்டாமலேயே தெரிந்துவிடும். இந்த ஒழுங்கை 1913-இல் கண்டவர் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர். இரண்டே ஆண்டில், 27 வயதில், கல்லிப்போலி போர்முனையில் இறந்துபோனார்.

இவ்வளவு சின்னச் சாமானுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். ஒரு தடயம் எவ்வளவு மதிப்புடையது என்பதை அதன் விலையோ பெருமையோ தீர்மானிப்பதில்லை. கார் தீண்டப்படாததாக இருந்தால் அந்தத் தடயம் தென்பட எவ்வளவு வாய்ப்பு, மாற்றியமைத்த காராக இருந்தால் எவ்வளவு வாய்ப்பு, இந்த இரண்டுக்கும் நடுவிலான தூரமே அதன் எடை. காசுக்காக ஏமாற்றுகிறவர் எஞ்சின் எண்ணில் கவனம் வைப்பார், டைனமோ தேதியிலும் வைப்பார். பின்மட்கார்டின் உள்பக்கம் சேறு படிந்து கிடக்கும் போல்ட்டுக்கு மூன்று வட்டத் தலையும் காட்மியம் முலாமும் தேடி அலைய மாட்டார். ஆக அந்த போல்ட் சரியாக இருப்பது, எஞ்சின் எண் சரியாக இருப்பதைவிட வலுவான செய்தி. இதைச் சொன்னால் ஏலக்காரர்கள் ரசிப்பதில்லை.

எஞ்சின் எண்ணையே பாருங்கள். எம்.ஜி.ஏ.வில் அது எஞ்சின் கட்டையில் ரிவெட் அடித்த ஒரு சிறு தகடு. தகட்டைக் கழற்றலாம், புதிதாகவும் அச்சடிக்கலாம். 1500 வகையில் இருந்த 1489 கனசென்டிமீட்டர் எஞ்சின், பி வரிசை என்ற பெரிய குடும்பத்தில் ஒன்று. நம் அம்பாசிடருக்குள் பல்லாண்டு ஓடியதும் அதே குடும்பத்து 1489தான். அம்பாசிடர் தயாரான உத்தரபாராவில் வார்த்த கட்டையின் மேல் ஆபிங்டன் தகட்டை அடித்துவிட்டால், மேலோட்டமாகப் பார்க்கிறவர் ஏமாந்துபோவார். தகடு சொல்வதை நம்பாமல், கட்டையோடு சேர்த்து வார்த்த குறிகளையும், ரிவெட்டைச் சுற்றிப் படிந்த பெயின்ட் உடையாமல் தொடர்கிறதா என்பதையும் பார்ப்பவரே தேறுவார்.

எண்ணை நேராக உலோகத்தில் குத்திய கார்களில் நிலைமை வேறு. எண்ணை அரத்தால் ராவிவிட்டு வேறு எண் குத்தினாலும் பழைய எண் முழுக்கப் போவதில்லை. உலோகம் என்பது நுண்ணிய படிகங்களின் அடுக்கு. குத்தும்போது விழும் அடி, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் படிக அடுக்கை நசுக்கிக் கலைக்கிறது. மேலே ராவி வழவழப்பாக்கினாலும் அந்தக் கலைவு உள்ளே தங்குகிறது. உரிய அமிலக் கரைசலைத் தடவினால், நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வெவ்வேறு வேகத்தில் அரிபடும். மறைந்த எண் நிழலாக எழும்பி வரும். துப்பாக்கி எண்களை மீட்கக் காவல்துறை ஆய்வகங்கள் நெடுங்காலமாகச் செய்யும் வேலை இது. எஃகில் நன்றாக வரும், வார்ப்பிரும்பில் சிரமம். அதே காலத்துப் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களான ஆஸ்டின்-ஹீலிகளில் வேறொரு வசதி. வெஸ்ட் ப்ராம்விச்சில் ஜென்சன் நிறுவனம் அவற்றின் உடலைச் செய்தபோது, பானட்டும் டிக்கி மூடியும் அந்தந்தக் காருக்கென்றே கையால் தட்டிப் பொருத்தப்பட்டன. பெயின்ட் அடித்துத் திரும்பும்போது மாறிவிடாமலிருக்க ஒரே எண்ணைத் தனித்தனித் துண்டுகளில் குத்தினார்கள். அந்த எண்கள் ஒன்றாக இருந்தால் துண்டுகள் பிறந்ததிலிருந்தே ஒன்றாக இருக்கின்றன.

பெயின்ட் சோதனைக்கு வருவோம். தகட்டின் மேல் பூச்சு எவ்வளவு கனம் என்பதைத் தொட்ட மாத்திரத்தில் சொல்லும் கருவி இருக்கிறது. இரும்பின் மேல் அது காந்தப்புலம் எவ்வளவு வலுவாக இறுகுகிறது என்று பார்க்கும். அலுமினியத்தில் அது பலிக்காது. அங்கே மாறுமின்சாரம் பாயும் சுருளைத் தகட்டருகே கொண்டுபோய், தகட்டுக்குள் எழும் சுழல்மின்னோட்டத்தை அளக்க வேண்டும். பூச்சு தடிக்கத் தடிக்க அது மெலியும். எம்.ஜி.ஏ.வில் இரண்டு உலோகமும் இருப்பதால் இரண்டு வேலையும் செய்யும் கருவி இல்லாமல் போகக் கூடாது. ஆலைப் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கையொட்டி இருக்கும். பட்டி வைத்த இடம் மில்லிமீட்டரைத் தாண்டும்.

கனம் சரியாக இருந்தாலும் வேதியியல் மாட்டிக்கொடுக்கலாம். அந்நாளில் செல்லுலோஸ் பெயின்ட் உண்டு, சூட்டில் இறுகும் செயற்கை எனாமலும் உண்டு. செல்லுலோஸ், தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டும் காய்கிறது. அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றனவே ஒழிய இணைந்துகொள்வதில்லை. ஐம்பது வருஷம் கழித்துத் தின்னர் பட்டாலும் மறுபடி இளகும். இறுகும் எனாமலிலும், இன்று பட்டறைகளில் அடிக்கும் இருகலவைப் பெயின்ட்டிலும் மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்துவிடுகின்றன. தின்னருக்கு அவ்வளவு எளிதில் அசையாது. எம்.ஜி.ஏ. 1500-இன் எண் தகட்டில், காரின் வரிசை எண்ணுக்கு முன்னால் வரும் குறியீட்டில் ஓர் எழுத்து நிறத்தைச் சொல்லும், கடைசி இலக்கம் பெயின்ட் வகையைச் சொல்லும். தகடு செல்லுலோஸ் என்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைவான இடத்தில் தின்னர் தொட்ட பஞ்சுமுனையை வைத்தால் நிறம் ஒட்டவில்லை. மறுபெயின்ட். தகடு எனாமல் என்கிறது, பஞ்சில் நிறம் ஏறுகிறது. அதுவும் மறுபெயின்ட்தான், ஊர்ப் பட்டறையில் அடித்தது. பஞ்சுமுனையும் எண் தகடும் சேர்ந்து பேசுவது எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை.

கார் முடிந்த நாள் எப்படித் தெரியும் என்ற பாக்கியைத் தீர்த்துவிடலாம். பிரிட்டனில் கேய்டன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் ஆலையின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. காரின் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், தயாரான நாள், எஞ்சின் எண், நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்று சான்றிதழ் தருவார்கள். இது பெரிய வரம். ஆனால் பேரேடு சொல்வது அன்றைக்கு என்ன பூட்டினார்கள் என்பதை. இன்று எதிரே நிற்பது அதே கார்தானா என்பதை அது சொல்லாது.

தேய்மானம் தனிக் கணக்கு. மைல் காட்டியில் ஐந்து இலக்கம்தான், 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்யம். 42,000 என்று நிற்கும் எண்ணை நம்புவதா, 1,42,000 என்று கொள்வதா? பிரேக் பெடல் ரப்பரின் தேய்வு, கதவுக் கீலின் ஆட்டம், ஓட்டுநர் இருக்கைத் தோலின் விளிம்பு, ஸ்டியரிங்கில் கைபடும் இடம் எல்லாம் ஒரே அளவு தூரத்தைச் சொல்ல வேண்டும். மூன்று களைத்துப்போய் ஒன்று மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அந்த ஒன்றைக் கேள்வி கேட்க வேண்டும்.

தோலின் வயதைக் கொள்கையளவில் இன்னும் கறாராகவே அறியலாம். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறிக்கொண்டே போய், 1963 வாக்கில் வடகோளத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகி, சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. புல் அந்தக் காற்றை உண்கிறது, மாடு புல்லை உண்கிறது, தோலில் அந்த ஆண்டின் முத்திரை விழுகிறது. எம்.ஜி.ஏ. காலம் சரியாக ஏறுமுகத்தில் அமைகிறது. சிக்கல் என்னவென்றால், இறங்குமுகத்தில் 1990களிலும் ஏறக்குறைய அதே அளவு மறுபடி வருகிறது. ஒரே எண்ணுக்கு இரண்டு விடை. இருக்கையின் பக்கவாட்டில் தைக்கும் செயற்கைத் தோலில் இது எடுபடாது. அது பெட்ரோலியத்திலிருந்து வந்தது, அதிலிருந்த கார்பன்-14 எப்போதோ சிதைந்து தீர்ந்துவிட்டது.

இத்தனை கருவி இருந்தும் ஒரு எச்சரிக்கை தேவை. ஆலையும் மனிதர்கள் வேலை செய்த இடம். ஒரு வகைத் திருகாணி தீர்ந்தால் பக்கத்துப் பெட்டியில் இருந்ததை எடுத்து முடுக்கியிருப்பார்கள். பழைய கையிருப்பு அடியில் தங்கி, புதியது முதலில் வெளியே போயிருக்கும். பாகப் பட்டியலில் இன்ன எண் காரிலிருந்து மாற்றம் என்று அச்சிட்டிருப்பது ஏறத்தாழச் சரி. பட்டியலோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும் காரைப் பார்த்தால் எனக்குச் சற்றுச் சந்தேகம்தான் வரும்; பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு யாரோ பூட்டியிருப்பார்கள்.

பாகங்களின் அசலையும் காரின் அடையாளத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. 1929-இலும் 1930-இலும் லே மான் பந்தயத்தை வென்ற ஓல்டு நம்பர் ஒன் என்ற பென்ட்லி கார், பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றியமைக்கப்பட்டுக்கொண்டே வந்தது. பின்னாளில் ஒரு கோடி பவுண்டுக்கு விற்பனை பேசி, வாங்க வந்த நிறுவனம் இது அந்தக் கார் அல்ல என்று பின்வாங்கியது. 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஓட்டன், பழைய பாகங்கள் பெரும்பாலும் போய்விட்டாலும் வரலாறு அறுபடாமல் தொடர்வதால் இதை அந்தப் பெயரால் அழைப்பது முறைதான் என்று தீர்ப்பளித்தார். பந்தயக் காருக்கு அது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். செப்பனிடாத சாலைக் காரிடம் நாம் கேட்பது வேறு கேள்வி. அங்கே பெயரில் யாருக்கும் சந்தேகமில்லை, இந்த போல்ட்டை முடுக்கியது யார் என்பதுதான் வழக்கு.

மாற்றியே தீர வேண்டிய பாகங்களும் உண்டு. 1957-இன் பிரேக் ஹோஸ் அப்படியே இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டு ரோட்டில் இறங்குவது முட்டாள்தனம். ரப்பர் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் ஓசோனாலும் விறைத்து வெடிக்கும். சில சமயம் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், அழுத்தம் ஏறும் நேரத்தில் பிளந்துவிடும். டயரும் அப்படியே. கழற்றியதை எறியாமல், எங்கிருந்து எப்போது எடுத்தது என்று சீட்டு எழுதிக் கட்டி வைத்தால் போதும். கழற்றுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். காரைக் கழுவுவதற்கும் முன்பாக எடுக்க வேண்டும். ஆலையில் பரிசோதகர்கள் சாக்குக்கட்டியாலும் பெயின்ட்டாலும் இட்ட சிறு குறிகள் பானட்டுக்கு அடியில் இன்னும் இருக்கக்கூடும், சோப்புத் தண்ணீர் அவற்றைத்தான் முதலில் கொண்டுபோகும்.